பட்டாபி சிகரெட்டை இரண்டு தடவை விட்ட வரலாறு

பட்டாபி சிகரெட்டை விட்டது நெடுநாள் உயிரோடு இருக்கும் ஆசையால் என்று தெரிந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அது தவறு. அவருக்கு இரைப்பையில் முக்கால் பங்கை அறுத்து எடுக்க வேண்டியிருந்தது. அதற்கு ஒரு தேதி வேண்டும். தேதி கொடுக்கிறவர்கள் முதலில் சிகரெட்டை விடச் சொன்னார்கள். இரைப்பையையே கொடுக்கத் துணிந்தவனுக்கு சிகரெட் என்ன பிரமாதம் என்று பட்டாபி நினைத்தார். அப்போது அவருக்கு அந்தத் துறையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆள் நூற்று முப்பத்திரண்டு கிலோ. லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் முதல் மாடியில் வீடு. டல்ஹௌசியில் ஒரு தேயிலைத் தரகுக் கம்பெனியில் கடிதப் போக்குவரத்துப் பிரிவில் வேலை. மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் குடும்பம். வங்காளிக்குச் சமமாக வங்காளம் பேசுவார், வங்காளியைவிட ஒன்றிரண்டு ரசகுல்லா அதிகம் சாப்பிடுவார், மீன் ஒன்றுதான் பாக்கி.

தூங்கும்போது அவருக்கு மூச்சு நின்று நின்று வந்துகொண்டிருந்தது. மனைவி மாதவி இரண்டு வருடமாக அவர் மார்பில் ஒரு கையை வைத்துக்கொண்டே தூங்கப் பழகியிருந்தாள். மார்பு ஏறவில்லையென்றால் கை அவளை எழுப்பும், அவள் இவரை உலுக்குவாள். குடும்ப டாக்டர் அதைக் கேட்டுவிட்டு, "ஒருநாள் அந்தக் கை அசந்துபோகும்" என்றார். மறுநாள் காலை காபியை நீட்டும்போது மாதவி, "எங்கே போகணுமோ போவோம், வாங்கோ" என்றாள்.

போன இடம் பைபாஸ் பக்கம் ஒரு பெரிய மருத்துவமனை. பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை, அவர்களே பதினோரு இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் நாலாவது மாடி முழுக்க உடற்பருமன் விடுதலைத் துறை. தலைமை அறுவை நிபுணர் டாக்டர் சட்டோபாத்யாய் பட்டாபியின் தாள்களைப் புரட்டிவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"புகை பிடிக்கிறவருடைய ரத்தக் குழாய் சுருங்கியிருக்கும். தைத்த இடம் ஆறாது. எட்டு வாரம் விட்டுவிட்டு வாருங்கள். சிறுநீரைச் சோதிப்போம். நிக்கோட்டின் இல்லையென்றால் தேதி."

பட்டாபிக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. சுருக்கமாக இருந்தது, காரணம் இருந்தது, முடிவில் தேதி இருந்தது. இருபத்துநாலு வருஷமாகக் கடிதம் எழுதி வந்தவருக்கு ஒழுங்கான கடிதம் வாசித்த திருப்தி. எட்டே வாரம் என்று எண்ணிக்கொண்டு வெளியே வந்தார். அவரை வாழ்க்கைமுறை மாற்றப் பயிற்றுநரிடம் அனுப்பினார்கள்.

பயிற்றுநர் இந்துஜா என்கிற பெண். வயது இருபத்தாறு இருக்கும். பொள்ளாச்சிக்காரி, கல்கத்தாவுக்கு வந்து எட்டு மாதம். கோப்பில் பெயரைப் பார்த்ததும் தலையை நிமிர்த்தி, "நீங்க தமிழுங்களா அங்கிள்?" என்றாள்.

அந்த மாடி முழுக்க வங்காளமும் ஆங்கிலமும் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்த இடத்தில் அந்த ஒரு வாக்கியம் பட்டாபியின் நெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும், "அங்கே நம்ம பொண்ணு ஒருத்தி இருக்கா, மாதவி. இனிமே கவலையில்லை" என்றார். மாதவி மறுவாரமே லேக் மார்க்கெட்டில் புதிதாக அரைத்த காபிப் பொடி கால் கிலோ வாங்கி அவர் பையில் வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும் பட்டாபியும் காபிப் பொடியும் சேர்ந்தே நாலாவது மாடிக்குப் போனார்கள்.

"முதல்ல சிகரெட்டுக்கு ஒரு லெட்டர் எழுதணுங்க அங்கிள்" என்றாள் இந்துஜா. "விடை கொடுக்கற லெட்டர். மூணு காப்பி. கமிட்டி பாத்து ஓகே பண்ணுனாத்தான் எட்டு வாரம் ஸ்டார்ட் ஆகும்."

கடிதம் என்றதும் பட்டாபிக்கு உற்சாகம் வந்துவிட்டது. தொழிலே அதுதானே. அன்றே எழுதினார்.

"ஐயா, கடந்த இருபத்துநாலு வருடங்களாகத் தங்களுக்கும் எனக்கும் நிலவிவரும் தொடர்பு, தவிர்க்க முடியாத காரணங்களால், வரும் திங்கட்கிழமை முதல் நிறுத்திக்கொள்ளப்படுகிறது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இதுநாள்வரை தாங்கள் அளித்த ஒத்துழைப்புக்கு நன்றி."

கமிட்டியில் மூன்று பேர். ஒரு மனநல ஆலோசகர், விளம்பரப் பிரிவிலிருந்து ஒருவர், வங்காள இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு பேராசிரியர். நோயாளிகளின் கடிதத்தில் உண்மை இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பேராசிரியரைத் தனியாக நியமித்திருந்தார்கள். அவர் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் ஜன்னலைப் பார்த்தார்.

"நீங்கள் அதை நேசிக்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"நேசித்தேன் சார்."

"கடிதத்தில் தெரியவில்லையே. இதில் பிரிவு இருக்கிறது, துயரம் இல்லை. நேசிக்காத ஒன்றை ஒரு மனிதன் எப்படி விட முடியும்? விட்டாலும் அதை விட்டதாக நாங்கள் எப்படிக் கணக்கில் எடுப்பது? ஒரு வாரம் அவகாசம் தருகிறேன். கொஞ்சம் நேசித்துவிட்டு வாருங்கள்."

ஆகவே பட்டாபி மருத்துவமனையின் உத்தரவுப்படி இன்னும் ஒரு வாரம் சிகரெட் பிடித்தார். வழக்கமாக நாளுக்கு எட்டு. நேசிப்பதற்காகப் பதினொன்று.

இரண்டாவது கடிதத்தில் துயரம் இருந்தது, படிமம் இல்லை. மூன்றாவது கடிதம் நிறைவேறியது. மழை நாளில் டிராம் நிறுத்தத்தில் நின்றபோது உன் சூடு மட்டுமே என் விரல்களுக்குத் தெரிந்தது என்று ஆரம்பித்து நாலு பக்கம். பட்டாபி அதைக் கூட்டத்தில் வாசித்தபோது பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேட்டுக்கொண்டிருந்த நோயாளிகளில் இரண்டு பேர் மனம் தாங்காமல் கீழே போய் ஆளுக்கொன்று பற்றவைத்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு மறுபடி முதல் நாள்.

அடுத்த திங்கட்கிழமை விடைபெறும் சடங்கு. மேடையில் மண்சட்டி. நோயாளி தன் கடைசி சிகரெட்டை முறித்து அதில் போட வேண்டும். பட்டாபி முறித்தபோது ஒரு நர்ஸ் சங்கு ஊதினாள், மற்றவர்கள் குலவையிட்டார்கள். "நம்ம கல்யாணத்துலகூட இவ்வளவு சத்தம் இல்லை" என்று மாதவி காதோடு சொன்னாள். ஆனால் அவள் முகத்தில் இரண்டு வருஷமாக இல்லாத ஒரு தெளிவு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு பட்டாபி, இதை உண்மையாகவே விட்டுவிட வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

விட்டார். அதை வேடிக்கையாகச் சொல்ல முடியாது. ஆபீஸில் பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் பக்கத்து மேசைக்காரர் நிர்மல்தாவும் அவரும் கீழே இறங்கி, பான் கடைத் தூணில் தொங்கும் கயிற்றின் நுனிக் கங்கில் பற்றவைத்துக்கொள்வது வழக்கம். இப்போது நிர்மல்தா தனியாக இறங்கினார். பட்டாபி ஜன்னலில் நின்று அந்தக் கயிற்றையே பார்த்தார். கை எதையாவது பிடிக்கத் தேடியது. பென்சிலைக் கடித்தார். அஸ்ஸாமிலிருந்து வந்த ஒரு சாதாரண விலைப் பட்டியலைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். வீட்டில் ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறது என்று கோபித்துக்கொண்டார். ஒன்பதாவது நாள் இந்துஜாவுக்குப் போன் செய்தார்.

"முடியலைம்மா."

"வாங்க அங்கிள், நான் இருக்கேன்ல" என்றாள். போனதும் ஒரு சீட்டு எழுதிக் கையில் கொடுத்தாள். "கீழ நம்ம ஃபார்மஸியிலயே கிடைக்கும். மெல்றதுதான். நிக்கோட்டின் கம்."

பட்டாபி திடுக்கிட்டார். "நிக்கோட்டினா? டெஸ்ட்டுல வந்துடாதோ?"

இந்துஜா சிரித்தாள். "டெஸ்ட்டு சிகரெட்டுக்குங்க அங்கிள். இது மருந்து. நம்ம ப்ரோட்டோகால்லயே இருக்கு. உங்களுக்கு நான் தப்பா சொல்லுவனா?"

சொல்லமாட்டாள் என்று பட்டாபி நம்பினார். வாரத்துக்குக் கால் கிலோ நம்பினார்.

கம் உதவி செய்தது. தாடை மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருக்க, மற்ற உறுப்புகள் அமைதி அடைந்தன. பத்து நாளைக்கு ஒரு தடவை துறையில் அவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். கல்கத்தாவில் நாலு பேர் சேர்ந்தால் ஐந்தாவது ஆளுக்குப் பாராட்டு விழா நடத்துவது நடப்புதான். தோளில் ஒரு பட்டுத் துண்டு, கையில் ஒரு ரோஜா, கூடவே ஒரு பெட்டி சந்தேஷ். வாயை இனிப்பாக்காமல் நல்ல செய்தியை முடிக்கக்கூடாது. பெட்டிக்குப் பன்னிரண்டு உருப்படி. நாலு விழா முடிவதற்குள் பட்டாபி நூற்று முப்பத்தேழு கிலோ ஆனார்.

அதே துறையின் உணவு ஆலோசகரிடம் அவர் தயங்கித் தயங்கிப் பெட்டியைக் காட்டினார்.

"இதைத் தொடவே கூடாது" என்றார் அந்த அம்மாள். "விஷம்."

"இங்கேதான் கொடுத்தார்கள், மேடம்."

"கொடுப்பது மக்கள் தொடர்புப் பிரிவு. தடுப்பது நாங்கள். இரண்டு பிரிவும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கின்றன. நீங்கள்தான் நடுவில் நின்று குழப்புகிறீர்கள்."

எட்டாவது வாரம் முடிந்தது. சிறுநீர் கொடுத்தார். மூன்றாம் நாள் முடிவு வந்தது. நிக்கோட்டின் இருக்கிறது, தாராளமாக இருக்கிறது.

பட்டாபியை நிக்கோட்டின் நேர்மைக் குழு விசாரணைக்கு அழைத்தது. அவர் பதறவில்லை. இந்துஜா எழுதிய சீட்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுபோனார். இது ஒரு தவறான புரிதல், கடிதம் மாறிப்போவதைப் போல, சீட்டைக் காட்டினால் சரியாகிவிடும் என்று மாதவியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நீள மேசை. நடுவில் டாக்டர் சட்டோபாத்யாய். ஒரு பக்கம் ஆய்வுக்கூடத் தலைவர், மறுபக்கம் மருந்தகத் தலைவர். கோடியில் இந்துஜா. பட்டாபி அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவள் கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீட்டு மேசையைச் சுற்றி வந்தது.

"இது நம் துறையின் சீட்டுதான்" என்றார் சட்டோபாத்யாய். "ஆக, நோயாளி நிக்கோட்டின் எடுத்துக்கொண்டதற்கு எழுத்துபூர்வமான ஆதாரமே இருக்கிறது. அவரே கொண்டு வந்திருக்கிறார். அந்த நேர்மையைக் குறித்துக்கொள்ளுங்கள்."

"சார், நான் சிகரெட் பிடிக்கவில்லை. கம் நீங்கள் கொடுத்தது."

ஆய்வுக்கூடத் தலைவர் மேசையில் லேசாகத் தட்டினார். "எங்கள் இயந்திரம் ஜெர்மனியில் செய்தது. அது நிக்கோட்டினைக் கண்டுபிடிக்கும். நீ எந்த வாசல் வழியாக வந்தாய் என்று அதை விசாரிக்கும் பழக்கம் அதற்குக் கிடையாது. அப்படி விசாரித்தால் அது இயந்திரம் அல்ல, உறவினர்."

மருந்தகத் தலைவருக்கு உள்ளூரச் சந்தோஷம். "போன வருடம் எங்கள் மருந்தெல்லாம் போலி என்று ஒரு பத்திரிகை எழுதியது. இந்த நோயாளியின் சிறுநீர் அதற்குப் பதில் சொல்லிவிட்டது. சீட்டில் எத்தனை மில்லிகிராம் எழுதியிருக்கிறதோ அத்தனையும் உள்ளே போயிருக்கிறது. முடிவின் ஒரு பிரதி எங்களுக்கு வேண்டும், சட்டம் போட்டு மாட்ட."

கடைசியில் சட்டோபாத்யாய் கோடிப் பக்கம் திரும்பினார். "பயிற்றுநர் என்ன சொல்கிறார்?"

பட்டாபி நிமிர்ந்து உட்கார்ந்தார். இதற்காகத்தான் காத்திருந்தார்.

இந்துஜா எழுந்தாள். மூன்று மாதமாக அவரிடம் ஒரு வார்த்தைகூட வேறு மொழியில் பேசாதவள், ஆங்கிலத்தில் பேசினாள். நோயாளியிடம் பல வழிகள் எடுத்துரைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை நோயாளி தம் சொந்த விருப்பத்தின் பேரில் தேர்ந்துகொண்டார். பரிசோதனையின் தன்மை குறித்து நோயாளிக்கு ஐயம் இருந்தது, எனினும் நோயாளி தொடர்ந்து மென்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள்.

பட்டாபி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆங்கிலத்தில் ஒரு இலக்கணப் பிழையும் இல்லை. அவர் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பார். அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது.

தீர்ப்பு, மறுபடி முதல் நாள்.

வெளியே நடையில் இந்துஜா ஓடிவந்தாள். "அங்கிள், தப்பா எடுத்துக்காதீங்க. உள்ள நான் டிபார்ட்மெண்ட்டுங்க. எனக்கு அடுத்த மாசந்தான் ப்ரொபேஷன் முடியுது. நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ண முடியும்?"

"நீ எழுதினேன்னு சொல்லியிருக்கலாமேம்மா. ஒரே ஒரு வார்த்தை."

"அதான் சீட்டுல இருக்கே அங்கிள்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "திங்கட்கிழமை வந்துருங்க. புதுசா லெட்டர் எழுதணும். பழையதே குடுத்தா ஒத்துக்கமாட்டாரு ப்ரொஃபசர். ஒரே துக்கத்தை ரெண்டு தடவை துக்கப்பட முடியாதுன்னுவாரு."

பட்டாபி அன்று காபிப் பொடியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மாதவி பொட்டலத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டினாள்.

புதுக் கடிதம் இந்தத் தடவை முதல் வாசிப்பிலேயே நிறைவேறியது. ஆனால் விடைபெறும் சடங்கில் முறிப்பதற்கு மறுபடி ஒரு சிகரெட் வேண்டும். பட்டாபியிடம் இல்லை, அவர்தான் இரண்டு மாதமாகப் பிடிக்கவில்லையே. விதியில் சமாதானம் கிடையாது, முறித்தே ஆக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பான் கடைகளில் கூட்டம் என்று சனிக்கிழமையே ஆபீஸுக்குக் கீழே இறங்கி ஒன்று வாங்கினார். நிர்மல்தா பார்த்துவிட்டார்.

"என்ன பட்டாபி, மறுபடி ஆரம்பிச்சாச்சா?"

"இல்லை, நிர்மல்தா. விடறதுக்கு வாங்கறேன்."

நிர்மல்தா தன் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். "எந்த ஆஸ்பத்திரி?" என்றார். பெயரைச் சொன்னதும், "அப்ப சரி" என்று பழையபடி வாயில் வைத்துக்கொண்டார்.

சட்டைப் பையில் அந்த ஒற்றைச் சிகரெட்டோடு இரண்டு நாள். அது அவருடைய வாழ்க்கையிலேயே பெரிய வீரம். மூச்சை இழுக்கும்போதெல்லாம் புகையிலை மணம் மூக்கைத் தொட்டது. கயிற்றுக் கங்கு எதிரிலேயே இருந்தது. தொடவில்லை. ஆனால் வீட்டில் துவைக்கப் போடும்போது மாதவியின் விரலில் தட்டுப்பட்டது சிகரெட்தான், வீரம் இல்லை.

"என்னது இது?"

"நாளைக்கு விடறதுக்கு."

மாதவி சட்டையைக் கையில் பிடித்தபடி நின்றாள். "நான் ராத்திரி பூரா கையை வெச்சுண்டு படுத்துண்டிருக்கேன். நீங்க பையில வெச்சுண்டு திரியறேள். எங்கிட்டயாவது நெஜத்தைச் சொல்லலாமில்லையா?"

சொன்னது நிஜம்தான் என்று அவர் எத்தனை விளக்கியும், விளக்க விளக்க அது பொய் போலவே கேட்டது. அன்று மாதவி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள். கையை மட்டும் பின்னால் நீட்டி அவர் மார்பில் வைத்தாள். மறுநாள் மேடையில் சங்கு ஊத, குலவையிட, அவர் அதை முறித்துச் சட்டியில் போடுவதைத் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினாள்.

இரண்டாவது எட்டு வாரத்தில் கம் இல்லை. துணைக்கு ஆள் இல்லை, இந்துஜாவை அவர் போனில் கூப்பிடவில்லை. அவள் இரண்டு தடவை, "சாப்டீங்களா அங்கிள்?" என்று செய்தி அனுப்பினாள். மூன்றாவது செய்தி, துறையின் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் போடச் சொல்லி வந்தது. சந்தேஷ் பெட்டிகளை எதிர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தார். துர்கா பூஜை வந்தது. ஊரே தெருவில் இறங்கிப் பந்தல் பந்தலாகச் சுற்றி, தின்று, புகைத்துத் திரிந்த ஐந்து நாளும் பட்டாபி வீட்டுக்குள் உட்கார்ந்து ஏலக்காய் மென்றார். ஆய்வுக்கூடத்துக்கும் பூஜை விடுமுறை. இயந்திரம் ஜெர்மனியானாலும் அதை இயக்குகிறவர் உள்ளூர் பெஹாலாக்காரர். லக்ஷ்மி பூஜை முடிந்து அவர் வந்து சோதித்தார்.

நிக்கோட்டின் இல்லை.

பட்டாபி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு டாக்டர் சட்டோபாத்யாயின் அறைக்குப் போனார். "சார், தேதி."

"அற்புதம்" என்றார் சட்டோபாத்யாய். "அழைப்பு வரும்."

அழைப்பு வந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. அறுவை சிகிச்சைக்கு அல்ல. துறையின் நூறாவது வெற்றியாளர் திரு. பட்டாபி அவர்களுக்குப் பாராட்டு விழா, நாலாவது மாடி அரங்கம், அனைவரும் வருக.

"விழாவுல வெச்சுத் தேதி குடுப்பாளோ என்னமோ" என்றாள் மாதவி. பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள்.

அரங்கத்தில் கை இல்லாத அகல நாற்காலிகள். முந்தைய தொண்ணூற்றொன்பது வெற்றியாளர்களையும் அழைத்திருந்தார்கள், ஏறக்குறைய எல்லோரும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு தோளிலும் பட்டுத் துண்டு. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"மூன்று வருடம். நூறு பேர். நூறு பேரும் புகையை விட்டார்கள். இந்தியாவில் வேறெந்தத் துறை இப்படிச் சொல்ல முடியும்? இன்னொன்றும் சொல்கிறேன், இதைப் பத்திரிகை நண்பர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்று வருடத்தில் நம் துறையில் அறுவை சிகிச்சையால் ஒரு தையல் பிரிந்ததில்லை. ஒரு காயம் பழுத்ததில்லை. ஒருவருக்கும் ரத்தம் கட்டியதில்லை. சிக்கல் விகிதம், பூஜ்யம்."

கைதட்டல். பட்டாபியும் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவருக்குக் கை மெதுவாக நின்றது. பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்தார். அவர் இவரைவிடப் பெரிய உடம்பு. அவருக்கு அடுத்தவர் அவரைவிட.

துண்டைப் போர்த்தினார்கள். இந்துஜாதான் ரோஜாவை நீட்டினாள், "கங்கிராட்ஸ் அங்கிள்" என்றாள். நன்றியுரையாக இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். பட்டாபி ஒலிபெருக்கி முன்னால் போய், மூச்சு வாங்குவது அடங்கும்வரை நின்றார்.

"எனக்கு முன்னால் வெற்றி பெற்றவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன்" என்றார் வங்காளத்தில். "இங்கே இருப்பவர்களில் இந்த ஆபரேஷன் நடந்தவர்கள் கையைத் தூக்குங்கள். வலி எத்தனை நாள் இருக்கும் என்று கேட்கத்தான்."

ஒரு கையும் எழவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நமக்கு மட்டும்தான் தாமதமாகிறது என்று மூன்று வருடமாக ஒவ்வொருவரும் தனித்தனியே வெட்கப்பட்டுக்கொண்டிருந்தவர்கள்.

அப்புறம் ஒரு கை எழுந்தது. மேடையிலிருந்து. ஒல்லியான கை. டாக்டர் சட்டோபாத்யாயின் கை.

"எனக்கு நடந்திருக்கிறது" என்றார், கொஞ்சம் பெருமையாகவே. "நான்கு வருடத்துக்கு முன் நான் நூற்றுப் பதினெட்டு கிலோ. நோயாளியின் வலியை உள்ளிருந்து அறிந்தவன் நான். வலி ஆறு நாள் இருக்கும்."

"எங்கே சார் செய்துகொண்டீர்கள்?"

"சென்னையில்."

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "நீங்கள் சிகரெட் பிடிப்பீர்களா, டாக்டர்பாபு?"

"பிடித்தேன். எட்டு வாரம் விடச் சொன்னார்கள்."

"அப்புறம்?"

டாக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "அப்புறம் என்ன? எட்டு வாரம் முடிந்ததும் செய்துவிட்டார்கள்."

இயக்குநர் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார். "கவனித்தீர்களா? அவ்வளவு அவசரம். அதனால்தான் அங்கே இரண்டு சதவீதம் சிக்கல். இங்கே பூஜ்யம்."

பட்டாபி மேடையிலேயே டாக்டரிடம் நடந்து போனார். "சார், அந்த டாக்டர் பெயரும் நம்பரும் வேண்டும்."

சட்டோபாத்யாய் தயங்கவே இல்லை. நல்ல மனிதர். சட்டைப் பையிலிருந்து மருந்துச் சீட்டை எடுத்து, தேதி போட்டு, அழகாக எழுதிக் கொடுத்தார்.

"இதை நான் வந்த முதல் நாளே கொடுத்திருக்கலாமே, சார்."

"முதல் நாள் நீங்கள் எங்கள் நோயாளி அல்லவா?" என்றார் டாக்டர். "சொந்த நோயாளியை யாராவது வேறு இடத்துக்கு அனுப்புவார்களா?"

"இப்போது?"

"இப்போது நீங்கள் எங்கள் வெற்றி. நீங்கள் எங்கே போனாலும் அது எங்கள் கணக்குதான்."

பட்டாபிக்குப் பின்னால் அதற்குள் வரிசை நின்றுவிட்டது. எல்லோரும் சிரமப்பட்டு எழுந்து, படியேறி, ஆளுக்கொரு சீட்டுக்காக நின்றார்கள். இது நன்றிப் பெருக்கு என்று நினைத்து இயக்குநர் போட்டோகிராபரைக் கூப்பிட்டார். அந்தப் படம் பின்னால் துறையின் கையேட்டில் அட்டையிலேயே வந்தது.

மாதவி அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தாள். லிஃப்டைப் பிரமுகர்களுக்காக நிறுத்தி வைத்திருந்தார்கள். படியில் இறங்கினார்கள். மூன்றாவது மாடித் திருப்பத்தில் பட்டாபியால் முடியவில்லை, சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அங்கேயே சீட்டைப் பார்த்துச் சென்னைக்குப் போன் போட்டார். ஒரு பெண் எடுத்தாள். எடை கேட்டாள், சொன்னார். மூச்சு நிற்பது பற்றிக் கேட்டாள், சொன்னார். சிகரெட் உண்டா என்றாள். விட்டு நூற்றிருபத்தெட்டு நாள் ஆகிறது என்றார்.

"அப்ப சரிங்க சார். வர்ற புதன்கிழமை அட்மிட் ஆகிடுங்க, ரெண்டு டெஸ்ட் எடுத்துப்போம். வெள்ளிக்கிழமை காலைல வெச்சுக்கலாமா?"

பட்டாபி கையிலிருந்த சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சார், லைன்ல இருக்கீங்களா? வெள்ளிக்கிழமை ஓகேவா?"

அவர் போனைக் காதிலிருந்து எடுத்து, மேல் படியில் நின்ற மாதவியிடம் நீட்டினார்.

"நீ பேசு" என்றார். "யாராவது தேதி சொன்னா எனக்கு இப்போ நம்பத் தெரியலை."